கிடேரி குடித்த தண்ணீர்

கால்வாய்முனையில் இப்போது மாடு கட்டுவதில்லை. மதகுத் தொட்டிக்குள் ஓர் இரும்புக் குழாய் இறங்கி நிற்கிறது. அதன் நுனியில் இருக்கும் கருவி, தண்ணீரில் உப்பு எவ்வளவு, காரம் எவ்வளவு என்று அலுவலகத்துக்குச் சொல்லிவிடுகிறது. தண்ணீர் சரியில்லை என்றால் ஏரி மதகு திறக்காது. இதைப் பொருத்திய உதவிப் பொறியாளர் கவிதா, அங்கே முன்பு வேலை பார்த்த என்னை அழைத்துப்போய்த் தன் கைபேசியில் காட்டினார். "உங்க காலத்துல எப்படி சார் செக் பண்ணீங்க?" என்று கேட்டார். மாட்டை வைத்துப் பார்த்தோம் என்றேன். கூட வந்த இளைஞர்கள் சிரித்துவிட்டார்கள். கவிதா சிரிக்கவில்லை. "அதுவும் சரிதான், மாடு பொய் சொல்லாதுல்ல சார்?" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. எங்கள் பொறியாளர் சங்க மலருக்கு முனையின் வரலாற்றை எழுதித் தரச் சொல்லிப் பிறகு அவர்தான் கேட்டார். அன்று சொல்லாத பதிலையும் சேர்த்து எழுதுகிறேன்.

ஊரின் பெயரை எழுதவில்லை. அங்கே நிலத்தை விற்க முடியாமல் வைத்துக்கொண்டிருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். என்னால் அவர்களுக்கு இன்னொரு கெடுதல் வேண்டாம். பெரிய ஏரி ஒன்றின் கரையிலேயே வளர்ந்த ஊர் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பாலாற்றில் வெள்ளம் வரும் சில நாட்களில் அந்தத் தண்ணீரைத் திருப்பி ஏரிக்குக் கொண்டுவருவதற்கான கால்வாய், தோல் பதனிடும் ஷெட்டுகள் நிறைந்த பகுதியையும் பிறகு வயல்களையும் கடந்து, ஊரின் மேற்கு ஓரத்தில் வந்து முடிகிறது. எங்கள் பாசனத் துறையின் வரைபடத்தில் அந்த இடம் 'கால்வாய் முடிவு'. ஊருக்கு அது முனை. கால்வாய் வெட்டிய கூலியாட்கள் போட்ட குடிசைகள்தான் பின்னால் முனைத் தெரு ஆயின. தெருவுக்காக டீக்கடை வந்தது, டீக்கடைக்காகப் பேருந்து நின்றது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது நடத்துநர்கள் ஊரின் பெயரைச் சொல்வதையே விட்டுவிட்டு "முனை எறங்கு, முனை எறங்கு" என்றுதான் கத்துவார்கள்.

முனையில் இருப்பது கருங்கல்லால் கட்டிய சதுரத் தொட்டி. கால்வாய் அதற்குள் விழும். தொட்டிக்கு இரண்டு மதகுகள். ஒன்று ஏரிக்குள் திறக்கும். மற்றது கழிகாலுக்குள் திறக்கும். கழிகால் ஊரைச் சுற்றிக்கொண்டு போய்க் கீழே ஆற்றிலேயே சேர்ந்துவிடும். இரண்டாவது மதகு எதற்கென்றால், வருஷத்தின் பெரும்பகுதி கால்வாய் காய்ந்து கிடக்கும். அதில் யார் யாரோ எதை எதையோ கொட்டியிருப்பார்கள். முதலில் வரும் தண்ணீர் அத்தனையையும் வழித்துக்கொண்டு வரும். அந்தக் காலத்தில் அது சாம்பலும் சருகும் செத்த நாயுமாக இருந்தது. ஷெட்டுகள் பெருகிய பிறகு வேறொன்றும் சேர்ந்துகொண்டது. தேக்கி வைத்திருந்த கழிவைச் சில ஷெட்டுக்காரர்கள் வெள்ளம் வரும் நேரம் பார்த்துக் கால்வாயில் திறந்துவிடுவார்கள். வெள்ளத்தோடு போனால் யாருடையது என்று தெரியாது. எல்லா ஷெட்டுகளும் அப்படிச் செய்யவில்லை. சில போதும்.

ஆகவே முதல் தண்ணீர் கழிகாலுக்கு. எது வரைக்கும் முதல் தண்ணீர், எப்போது அது நல்ல தண்ணீர்? அதைச் சொல்வது ஒரு கிடேரி.

எருமை கூடாது, அது எந்தக் குட்டையிலும் வாய் வைக்கும். வண்டி மாடு கூடாது, உழைத்த மாட்டுக்குத் தாகம் அதிகம். கன்று போடாத இளம் பசு வேண்டும். ஏரிக்கரையில் முதல் பாசன வயலை வைத்திருந்த குடும்பம் தலைமுறையாக அதைக் கொடுத்துவந்தது. தண்ணீர் வருவதற்கு முந்திய நாள் பிற்பகல் கிடேரியை ஓட்டிவந்து முனையில் துறையின் கொட்டகையில் கட்டிவிட்டுக் கயிற்றைப் பிரிவு அதிகாரியின் கையில் கொடுத்துவிட வேண்டும். கொட்டகைக்குப் பக்கத்தில் துறையின் கிணறு, கல்தொட்டி. மாலையிலும் காலையிலும் நாங்கள் தண்ணீர் காட்டுவோம். ஊரில் யார் வீட்டில் கட்டினாலும் சந்தேகம் வரும், மேட்டு வயல்காரன் ஒன்று செய்வான், பள்ளத்து வயல்காரன் ஒன்று செய்வான். துறைக்கு வயல் இல்லை. அதனால் கயிறு எங்கள் கையில்.

மறுநாள் தொட்டியின் சாய்தளத்தில் கிடேரியை இறக்குவோம். முகர்ந்துவிட்டுத் தலையைத் தூக்கினால் காத்திருக்க வேண்டும். வாயை முக்கிக் குடித்தால் ஏரி மதகைத் தூக்கலாம். அந்த நேரத்தில் யாரும் சீட்டி அடிக்கக் கூடாது, சீட்டி கேட்டால் மாட்டுக்குக் குடிக்கத் தோன்றும். நான் சேர்ந்த வருஷம், கிடேரி முகர்ந்துகொண்டிருந்தபோது பின்னால் பேருந்து நின்று நடத்துநர் விசில் ஊதிவிட்டார். கிடேரி குனிந்தது. கூட்டம் முழுவதும் திரும்பிவிட்டது.

"யோவ் கண்டக்டர், விசில வாய்லேர்ந்து எடுய்யா!"

"நான் பஸ்ஸுக்கு ஊதினேன்யா!"

"பஸ்ஸு போனா வரும். தண்ணி போனா வருமா?"

அன்றைய சோதனை செல்லாது என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். கிடேரியை மேலே ஏற்றி, நிழல் சாய்ந்த பிறகு மறுபடியும் இறக்கினோம். அது குடிக்கவில்லை. அன்று முழுக்கத் தண்ணீர் கழிகாலில் போயிற்று. மறுநாள்தான் ஏரிக்கு விட்டோம். ஏரி பாதிதான் நிரம்பியது. ஒருவரும் முணுமுணுக்கவில்லை. சென்னையில் படித்து, நீரியல் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கி வந்தவன் நான். அன்று மனசுக்குள் சிரித்தேன். ஆனால் அந்த முறை எனக்குப் பிடித்திருந்தது என்பதும் உண்மை.

அந்தப் பிரிவு அதிகாரி அப்போது நான்தான். என் மேலதிகாரி உதவிச் செயற்பொறியாளர் தணிகாசலம். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. உட்காரச் சொல்வார், டீ வரவழைப்பார், நாம் சொல்வதைப் பொறுமையாகக் கேட்பார். சொல்லி முடித்ததும் "வேற?" என்பார். வேறொன்றைச் சொன்னால் அதையும் கேட்டுவிட்டு மறுபடி "வேற?" அவர் மனதில் இருப்பதை நாமே தேடிப் பிடித்து நம் வாயால் சொல்லும் வரை அந்த ஒரு சொல்தான். சொல்லிவிட்டால் முகம் மலரும். "நீங்க சொல்றதுதான் சரி. அப்படியே செஞ்சிடுங்க" என்பார். வெளியே வரும்போது அது நம்முடைய யோசனை என்றே நமக்குத் தோன்றும்.

தொடர்ந்து மழை பொய்த்து, ஏரியில் கருவேலம் முளைத்திருந்த ஒரு வருஷம் ஆற்றில் திடீரென்று தண்ணீர் வந்தது. ஏரி நிரம்புவதைப் பார்க்க மேலிடத்துப் பெரியவர்கள் வரப்போகிறார்கள் என்று செய்தி. தணிகாசலம் என்னைக் கூப்பிட்டார்.

"மேல மழை நின்னுபோச்சு. அணைக்கட்டுல மட்டம் எறங்குது. எத்தனை நாள் ஓடும்னு நெனைக்கிறீங்க?"

"ரெண்டு நாள் ஓடினா ஜாஸ்தி சார்."

"முதல் தண்ணியக் கழிகால்ல விட்டா?"

"ஏரிக்கு ஒண்ணும் மிஞ்சாது."

"வேற?"

"சாம்பிள் எடுத்து லேபுக்கு அனுப்பலாம். ரிப்போர்ட் வர்றதுக்குள்ள ஆறு காஞ்சிடும்."

"வேற?"

"இந்த வருஷம் மாடு வேணாம்னு ஊர்ல பேசிப் பாக்கலாம். ஒத்துக்க மாட்டாங்க."

"வேற?"

என் டீயில் ஆடை படிந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "மாடு குடிச்சுட்டா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க சார்."

"மாடு எப்ப குடிக்கும்?"

"தாகம் எடுத்தா."

"நீங்க சொல்றதுதான் சரி" என்றார்.

அவர் என்னை மிரட்டவில்லை. என் பதவி உயர்வுக் கோப்பு அவர் மேஜையில் இருந்தது, அதைப் பற்றி அவர் பேசவில்லை. ஏரி நிரம்பினால் ஊருக்கு நல்லதுதானே என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டேன். அழுக்கு கொஞ்சம் வந்தாலும் அவ்வளவு பெரிய ஏரியில் கரைந்துவிடும் என்று கணக்கும் போட்டுக்கொண்டேன். ஏரியில் கரைக்க ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை என்பதை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

பிற்பகலில் செவலைக் கிடேரியை ஓட்டிக்கொண்டு ஒரு பெண் வந்தார். கிடேரிக்கு உரிமைப்பட்ட ஏழுமலையின் மனைவி, பெயர் முனியம்மா.

"எங்க ஊட்டுக்காரரு ராணிப்பேட்டைல ஷெட்டு வேலைக்குப் போய்ட்டாரு சார். பயிரு இல்ல, இன்னா பண்றது? அதான் நானே ஓட்டியாந்துட்டேன். பொம்பள ஓட்டியாந்தா செல்லாதுன்னு எதுனா இருக்குதா?"

மதகைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கர் சாதிக் பாய்தான் பதில் சொன்னார். "கவர்மெண்ட்டு மாட்டத்தான் பாக்கும் தங்கச்சி. ஓட்டியாந்த ஆளப் பாக்காது."

முனியம்மா சிரித்துக்கொண்டே கயிற்றை என்னிடம் நீட்டினார். "ரெண்டு கொடம் குடிச்சுட்டுத்தான் வந்திருக்குது சார். சாயங்காலம் ஒருவாட்டி, காலையில ஒருவாட்டி காட்டுங்க. கொஞ்சம் கழுநீர் கலந்தா இஷ்டமா குடிக்கும்."

சரிம்மா என்றேன்.

அவர் போனதும் சாதிக் பாயை சைக்கிளில் மேலே அனுப்பினேன். தண்ணீர் எங்கே வருகிறது என்று பார்த்து, காலையில் திரும்பி வரச் சொன்னேன். மாட்டை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பிறகு எதிர்க்கடையில் கல் உப்பு வாங்கினேன். கடைக்காரர் "சமையலா சார்?" என்றார். ஆமாம் என்றேன். தவிட்டில் இரண்டு கை உப்பைப் போட்டுப் பிசைந்து வைத்தேன். கிடேரி ஆசையாகத் தின்றது. தின்று முடித்து என் உள்ளங்கையையும் நக்கியது. கிணற்று வாளியைக் கயிறோடு கழற்றி அறைக்குள் வைத்துப் பூட்டினேன்.

காலையில் அது கத்திக்கொண்டே இருந்தது. நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, தண்ணீர் மட்டம் பார்க்கும் பலகைக்கு வண்ணம் அடிக்கச் சொல்லி ஒரு குறிப்பு எழுதினேன்.

சாதிக் பாய் வந்தார். கல்தொட்டியைப் பார்த்தார். "தொட்டி காஞ்சு கெடக்குதே சார்."

"குடிச்சுடுச்சு பாய்."

அவர் தொட்டிக்குள் கையை வைத்துத் தடவிப் பார்த்தார். கையில் துடைக்க ஈரம் ஒன்றும் இல்லை. என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் போய் மதகின் திருகுக்குக் கிரீஸ் தடவ ஆரம்பித்தார்.

மத்தியானம் தண்ணீர் வந்தது. தூரத்தில் சருகு நொறுங்கும் ஓசைதான் முதலில் கேட்டது. பிறகு முட்டளவு உயரத்துக்கு நுரை, அதற்கு முன்னால் உருண்டு வரும் குப்பை. கழிகாலில் கொஞ்ச நேரம் ஓடியதும் மேலே நிறம் சற்றுத் தெளிந்தது. நான் தலையசைத்தேன். சாதிக் பாய் கிடேரியைச் சாய்தளத்துக்குக் கொண்டுவந்தார். அது அவர் கையிலிருந்து கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு ஓடி, கண் வரைக்கும் முகத்தைத் தண்ணீருக்குள் முக்கியது.

ஊரே கத்தியது. ஒருவர் தேங்காய் உடைத்தார். விடிவதற்குள் ஊர் திரும்பியிருந்த ஏழுமலை பூமாலையை வைத்துக்கொண்டு நின்றார், மாப்பிள்ளை வீட்டார் முன்னால் நிற்கும் பெண்ணின் தகப்பனைப் போல. முனியம்மா மட்டும் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது: "இன்னா இப்படிக் குடிக்குது? தண்ணியே காணாத மாதிரி."

மதகின் முதல் திருகைப் பிரிவு அதிகாரி சுற்ற வேண்டும் என்பது வழக்கம். சுற்றினேன். ஏரிக்குள் தண்ணீர் இறங்கியதும் அழுகிய முட்டையின் வாடை எழுந்தது. "இன்னாடா நாத்தம்?" என்று யாரோ கேட்டார்கள். "அதான் மாடு குடிச்சிடுச்சுல்ல" என்று இன்னொருவர் அடக்கினார்.

நல்ல தண்ணீர் பின்னால் வரவேயில்லை. மறுநாளே ஆறு வற்றிவிட்டது. ஏரியின் பள்ளத்தில் தேங்கியது முழுவதும் அந்த முதல் தண்ணீர்தான். கிடேரி வயிறு உப்பி, ஒரு வாரத்துக்குள் செத்தது. ஏரிக்கரைக் கிணறுகளின் ருசி மாறியது. முனைத் தெருவில் குழந்தைகளுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும். அந்தத் தண்ணீரை நம்பி விட்ட நாற்றின் நுனிகள் தீய்ந்தன. அந்த ஏரி கெட்டதற்கு அந்த ஒரு தண்ணீர்தான் காரணம் என்று சொன்னால் அதுவும் பொய்யாகும். கழிவு மண் வழியாகவும் வந்தது, பிறகும் வந்தது. ஆனால் மதகு வழியாக, தேங்காய் உடைத்து, உள்ளே விட்டவன் நான்.

ஒரு காலையில் ஊர் முனைக்குத் திரண்டு வந்தது. பஞ்சாயத்துத் தலைவர் முன்னால் நின்றார்.

"ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறோம் சார். கொட்டாயில மாட்டுக்குத் தண்ணி காட்டினீங்களா, இல்லியா?"

சாதிக் பாய் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காட்டினோம்" என்றேன். "ரெண்டு வேளையும் குடிச்சது."

பிறகு பின்னாலிருந்து ஒரு குரல்: "அப்ப ஊட்லியே உப்பு வெச்சு ஓட்டியாந்திருக்குது. உப்பு தின்ன மாடு எத்தினி காட்டினாலும் அடங்காது."

"புருசன் வேல பாக்கறது ஷெட்டுல. ஷெட்டுக்காரன் காசு குடுத்திருப்பான், இவ உப்பு வெச்சிருப்பா."

"அய்யோ, பச்சத் தண்ணியத் தவிர ஒண்ணியும் வெக்கலியே" என்று முனியம்மா முன்னால் வந்தார். "ரெண்டு கொடம் குடிச்சது. சார், உங்க கையில கயித்தக் குடுக்கச்சொல்லோ சொன்னேனா இல்லியா? நீங்களே சொல்லுங்க சார்."

"சொன்னீங்க" என்றேன். "வீட்ல குடிச்சத நான் பாக்கல."

என் வேலைக்காலம் முழுவதிலும் நான் பேசியவற்றில் மிக மோசமான வாக்கியம் அதுதான். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

ஏழுமலை மனைவியின் பக்கம் திரும்பினார். "இன்னாடி வெச்ச?"

"உன் மேல ஆணையா ஒண்ணும் வெக்கலய்யா."

"அப்ப ஆபீசரு பொய் சொல்றாரா?"

முனியம்மா என்னைப் பார்த்தார். நான் மதகைப் பார்த்தேன்.

அன்றிலிருந்து ஊரில் அவருக்கு 'உப்புக்காரி' என்று பெயர். குழாயடியில் அவர் குடத்தை ஒதுக்கி வைத்தார்கள். ஏழுமலை அவர் கையால் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, ராணிப்பேட்டையிலேயே தங்கிவிட்டார். குழந்தை இல்லாத வீடு. சில மாதங்களில் முனியம்மா பள்ளிகொண்டாவில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். மறு வருஷம் யாரும் கிடேரி கொடுக்க முன்வரவில்லை. அந்த வழக்கம் அதோடு முடிந்தது. பிறகு முதல் தண்ணீரைக் கண்ணால் பார்த்து முடிவு செய்தோம், அதாவது மேலே என்ன சொன்னார்களோ அதைச் செய்தோம்.

நான் தணிகாசலத்திடம் ஒருமுறை போனேன். தூக்கம் வருவதில்லை என்றேன். டீ வரவழைத்தார். முழுவதும் கேட்டுவிட்டு, "நான் உங்ககிட்ட மாட்டப் பத்தி ஏதாவது சொன்னேனா?" என்று அன்பாகவே கேட்டார். யோசித்துப் பார்த்தேன். உண்மையிலேயே சொல்லவில்லை. என் பதவி உயர்வு அந்த வருஷமே வந்தது. வேறு மாவட்டங்களுக்குப் போனேன், அணைகள் பார்த்தேன், பாராட்டுக் கேடயங்கள் வாங்கினேன். அவற்றைப் பற்றி எழுத இப்போது ஒன்றும் இல்லை.

நான் ஓய்வு பெற்று வேலூரில் குடியேறிய பிறகு சாதிக் பாய் அவ்வப்போது வருவார். இருவரும் பிள்ளைகளைப் பற்றியும் மூட்டுவலியைப் பற்றியும் பேசுவோம், முனையைப் பற்றிப் பேசமாட்டோம். முனையில் கருவி பொருத்திய சில மாதங்களில் ஒருநாள் வந்தவர், செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்றே சொன்னார்: "ஏழுமல தவறிட்டாரு சார். கடைசி வரைக்கும் அந்தம்மாவச் சேத்துக்கவே இல்ல."

நான் உட்காரச் சொன்னேன்.

"இல்ல சார். எனக்கு அப்ப மூணு பொண்ணுங்க, நான் வாயத் தொறக்கல. நீங்க சொல்லுவீங்க, நீங்க சொல்லுவீங்கன்னு பாத்துக்கினே இருந்தேன். அவரும் போய்ட்டாரு." அதற்கு மேல் அவர் நிற்கவில்லை.

அந்த வாரமே பள்ளிகொண்டாவுக்குப் போனேன். கோயிலுக்குப் போகும் தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில், ஒற்றை அறை வீடு. முனியம்மா மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. முனையில் இருந்த இன்ஜினியர் என்றேன். கை நின்றது.

"கிடேரிக்கு நான்தான் தண்ணி காட்டலம்மா. உப்பு வெச்சதும் நான்தான்."

முறத்தை மடியிலிருந்து இறக்கி வைத்தார். "எவ்ளோ உப்பு?"

"ரெண்டு கை."

"தவுட்டுலயா?"

"ஆமா."

"அதான் அன்னிக்கு நாக்க நீட்டிக்கினு நின்னுச்சு" என்றார். பிறகு, "அவரு இருக்கச்சொல்லோ வந்திருக்கலாமே சார்" என்றார்.

"வந்திருக்கணும்."

"ஏன் வர்ல?"

"பயம்."

"இப்ப இன்னா, பயம் தெளிஞ்சிடுச்சா? பென்ஷன வாங்கிக்கினு வந்து சொல்ற." அவர் குரல் உயரவில்லை. "என்னாண்ட எதுக்கு சொல்ற? நான் உப்பு வெக்கலன்னு எனக்குத் தெரியாதா? தெரியாதவங்ககிட்ட போய் சொல்லு. முனைக்குப் போ."

கொண்டுபோயிருந்த பழங்களை அவர் தொடவில்லை. திரும்ப எடுத்துக்கொண்டு வந்தேன்.

முனைக்குப் போனேன். காலை நேரம், டீக்கடையில் கூட்டம். எழுந்து நின்று என் பெயரையும் பதவியையும் சொல்லி, நடந்ததைச் சொன்னேன். "பெருசு, எலெக்ஷன்ல நிக்கிறீங்களா?" என்று ஒருவன் கேட்டான். "இந்த ஏரித் தண்ணியக் குடிச்ச மாடா? சாவாம இன்னா பண்ணும்?" என்றான் ஆட்டோக்காரன். அன்று கூட்டத்தில் நின்றவர்களில் பெரும்பாலோர் இறந்துவிட்டார்கள், மீதிப்பேர் ஊரைவிட்டே போய்விட்டார்கள். பெஞ்சில் இருந்த ஒரு நடுவயதுக்காரர் மட்டும் நெற்றியைச் சுருக்கினார். "உப்புக்காரின்னு ஒரு பொம்பளயச் சொல்லுவாங்களே, எங்கம்மா கூட சொல்லும். அவங்களா? உப்பு விக்கறவங்கன்னு இல்ல நான் நெனச்சேன்."

மறுபடி பள்ளிகொண்டா. வழியெல்லாம் ஒரு யோசனை என்னை விடவில்லை. ஊர் முழுக்கக் கேட்டது, எல்லோரும் வருத்தப்பட்டார்கள், உங்கள் மேல் தப்பில்லை என்றார்கள் என்று சொல்லிவிடலாம். கேட்டால் அவருக்கு ஆறுதலாக இருக்கும், யாரும் போய் விசாரிக்கப்போவதில்லை. இதே மாதிரியான நல்லெண்ணத்தோடுதான் அன்று உப்பும் வாங்கினேன் என்று வாசலில் செருப்பைக் கழற்றும்போது நினைவுக்கு வந்தது.

"இன்னா சொன்னாங்க?" என்றார்.

"யாருக்கும் ஞாபகம் இல்லம்மா. மறந்துட்டாங்க. பேரை மட்டும் ஒருத்தர் சொன்னார்."

"எந்தப் பேர?"

அவர் காத்திருந்தார். சொன்னேன்.

பீடி இலையை அளவாகக் கத்தரித்து முறத்தில் வைத்தார். "அப்ப மறக்கல" என்றார். "திரும்பப் போய் சொல்லு."

வாரம் ஒருமுறை போகிறேன். என்னைக் கண்டதும் சிலர் எழுந்து போய்விடுகிறார்கள். கடைக்காரர் "சீக்கிரம் முடிங்க சார், யாவாரம் கெடுது" என்கிறார். போன வாரம், வெளியூர் பேருந்துக்காக நின்றிருந்த ஒரு கிழவர் என் பக்கத்தில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டார். அவருடைய பேருந்து வந்து நின்று போய்விட்டது, அவர் எழுந்திருக்கவில்லை. நான் முடித்ததும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் பொம்பள பேரு இன்னா?" என்று கேட்டார்.

முனியம்மா என்றேன்.